பதினோரு மதிப்பெண் தூரம்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். பிளஸ் டூவில் 600க்கு 541. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் சிவில் கிடைத்தது. ஹாஸ்டலில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ் இரண்டிலும் அரியர் விழுந்துவிட்டது. கணிதத்துக்கு விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். 100க்கு 34. இரண்டு மார்க் கேள்விகளில் 8, பெரிய கேள்விகள் ஐந்தில் மூன்றைத்தான் தொட்டிருக்கிறேன், அதில் 26. இன்டர்னல் 40க்கு 27. தெரிந்த கணக்குகூட ஹாலில் பிளாங்க் ஆகிவிட்டது. ரிசல்ட் வந்ததிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிறேன். பார்க்கும்போது தெம்பாக இருக்கிறது, காலையில் புத்தகத்தைத் திறந்தால் அது போய்விடுகிறது. கிளாஸில் எல்லாரும் இங்கிலீஷ் மீடியம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேசாமல் நின்றுவிட்டு ஊர்ப்பக்கம் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிடலாமா? சில நாள் எதற்கு இருக்கிறோம் என்றே தோன்றுகிறது. தன்னம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? அடுத்த பரீட்சைக்குப் பத்து வாரம் இருக்கிறது.
(பெயர் வேண்டாம், இரண்டாம் செமஸ்டர் மாணவி)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

'எதற்கு இருக்கிறோம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் பேசிவிடுவோம். சலிப்பில் வரும் எண்ணமா, செத்துப்போய்விடலாம் என்ற எண்ணமா? இரண்டாவது என்றால், அது ஒரு முறைதான் வந்தது என்றாலும், இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இன்றே 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அறைத்தோழியிடமோ வார்டனிடமோ 'இன்னைக்கு என்னைத் தனியா விடாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் அப்போதும் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு இருக்கும்போது படிப்பு முறையை மட்டும் மாற்றுவது, காய்ச்சலோடு ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பதுபோல. உடம்பு ஒத்துழைக்காது, பழி மட்டும் நம் மேல் விழும்.

இனி தன்னம்பிக்கைக்கு வருவோம். அது முதலில் வர வேண்டும், வந்தால் படிக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரையில், ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடல் தரும் குறிப்புகள். இவற்றில் பலமானது முதலாவது. வெறும் சொல்லால் வரும் ஊக்கம் வந்த வேகத்திலேயே போகும், எதிரான ஓர் அனுபவம் போதும் அதை அழிக்க. உங்கள் வீடியோக்கள் இரவில் ஏற்றிய தெம்பைக் காலையில் ஒரு கணக்கு இறக்கிவிடுவது இதனால்தான். வீடியோவில் பேசுபவர் மேல் குற்றமில்லை. ஆனால் அவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் கணிதத் தாளில் வரும் ஐகன் மதிப்பையும் தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஐம்பது நிமிடத்தை எனக்குக் கடன் கொடுங்கள், போதும்.

இன்னொன்று. பண்டூரா சொன்னது 'என்னால் எதுவும் முடியும்' என்ற பொதுவான எண்ணத்தைப் பற்றி இல்லை, குறிப்பிட்ட செயலைப் பற்றி. அதை அளக்கவும் 0 முதல் 100 வரை ஓர் அளவுகோலைத்தான் பயன்படுத்தினார். நீங்களும் அளந்து பாருங்கள். கணிதத் தாளின் முதல் யூனிட்டில் நான்கு வேலைகளை எளிதிலிருந்து கடினத்துக்கு எழுதுங்கள்: 2×2 அணிக்கு, அதாவது மேட்ரிக்ஸுக்கு, ஐகன் மதிப்பு காண்பது, 3×3 அணிக்கு ஐகன் மதிப்பும் வெக்டாரும் காண்பது, கெய்லி ஹாமில்டன் தேற்றத்தால் நேர்மாறு காண்பது, குவாட்ராடிக் ஃபார்மை கனானிகல் ஃபார்முக்குக் கொண்டுவருவது. புத்தகம் பார்க்காமல் இப்போதே செய்யச் சொன்னால் முடியும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் எத்தனை போடுவீர்கள்? 90, 60, 40, 10 என்று வைத்துக்கொள்வோம். ஆக, 'எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை' என்பது பொய்யாகிவிட்டது. உங்களிடம் நான்கு வெவ்வேறு அளவு நம்பிக்கை இருக்கிறது. வேலை செய்ய வேண்டியது 40க்கும் 70க்கும் நடுவில் இருப்பவற்றில். 90ஐயே திரும்பத் திரும்பச் செய்தால் சுகமாக இருக்கும், ஒன்றும் சேராது. 10இல் போய் முட்டினால் மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள்.

இப்போது விடைத்தாள் நகலை எடுங்கள். அதை வாங்கியது நீங்கள் செய்த மிக நல்ல காரியம். ரிசல்ட் வந்த பிறகு சில நாள்தான் விண்ணப்பிக்க முடியும், பலர் அவமானத்தில் அதைத் தவறவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரித் தாளுக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. 100க்கு எழுதும் தாளை 60க்குச் சுருக்கிக்கொள்வார்கள். மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45 விழுக்காடும் வேண்டும். உங்கள் பேட்சுக்கும் இதுதானா என்று துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இன்டர்னல் 27. மொத்தம் 50ஐத் தொட 60க்கு 23 போதும், அதாவது தாளில் 39. ஆனால் 45 விழுக்காடு விதி இருப்பதால் இலக்கு 45. எடுத்தது 34. குறைவது 11.

கடிதத்தில் 'எனக்குக் கணிதமே வராது' என்ற தொனி இருக்கிறது. தாளில் இருப்பது 11 மதிப்பெண். தோல்வியை நிரந்தரமாகவும், எல்லாவற்றுக்கும் பொதுவாகவும், தன் பிறவிக் குறையாகவும் படிப்பவர்தான் ஒரு சறுக்கலில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். அதை உடைக்க ஆறுதல் வார்த்தை உதவாது. ஒரு சிவப்புப் பேனா உதவும். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்தைப் போடுங்கள். படிக்கவே இல்லை என்றால் ப. படித்தது, ஆனால் நினைவுக்கு வரவில்லை என்றால் நி. குறி மாறியது, கூட்டல் தப்பியது என்றால் கு. கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லை என்றால் ஆ. நேரம் போதவில்லை என்றால் நே. முடிந்ததும் எந்த எழுத்துக்கு எத்தனை மதிப்பெண் போனது என்று கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 'இன்னும் நல்லாப் படிக்கணும்' என்பது எதற்குமே மருந்தில்லை.

கு அதிகம் என்றால் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். ஐகன் மதிப்புகளைக் கண்டதும் கூட்டிப் பாருங்கள், மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். பெருக்கிப் பாருங்கள், அணிக்கோவையின் மதிப்பு வர வேண்டும். அரை நிமிட வேலை. வரவில்லை என்றால் வெக்டாருக்குள் போகாமல் அங்கேயே நின்று தவறைத் தேடுங்கள். தன் விடை சரியா என்று தானே சோதிக்கத் தெரிந்தவருக்கு ஹாலில் பாதிப் பதற்றம் குறையும். இதே இரண்டு பண்புகளும் இரண்டு மார்க் கேள்வியாகவும் அடிக்கடி வருபவை. பத்துக் கேள்வி, 20 மதிப்பெண் உள்ள பகுதியில் 8 எடுத்திருக்கிறீர்கள். 16 எடுத்தாலே 11இல் 8 வந்துவிடும். மிச்சம் மூன்று, நீங்கள் தொடாமல் விட்ட ஒரு பெரிய கேள்வியின் முதல் சில வரிகளில் இருக்கிறது.

ஆ அதிகம் என்றால் கூச்சப்படாதீர்கள். உங்கள் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தமிழிலேயே ஊரிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். அதன் முதல் பாடம் அணிகளும் அணிக்கோவைகளும். அணித் தரம், நேர்மாறு எல்லாம் அங்கே இருக்கின்றன. இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழு இருக்கிறது, சமபடித்தான சார்புகளுக்கான ஆய்லர் தேற்றம்கூட இருக்கிறது. தொகையிடலும் உண்டு. இந்த அரியர் தாளில் கணிசமான பகுதிக்கு அடிப்படையை நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்துத் தேறியிருக்கிறீர்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். அணிக்கோவைக்கு எதிரே டிடர்மினன்ட், நேர்மாறுக்கு எதிரே இன்வர்ஸ், தரத்துக்கு எதிரே ரேங்க், பகுதி வகைக்கெழுவுக்கு எதிரே பார்ஷியல் டெரிவேட்டிவ். நாளுக்கு ஐந்து சொல். கூடவே பழைய வினாத்தாள்களில் வரும் ஏவல் சொற்களையும் எழுதுங்கள். 'வெரிஃபை' என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கண்டு சமம் என்று காட்ட வேண்டும். 'ரெட்யூஸ்' என்றால் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் போகும் மதிப்பெண்ணுக்குக் கணித மூளையோடு சம்பந்தமே இல்லை.

நி, அதாவது படித்தும் வராதது. இதுதான் 'பிளாங்க்' என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியாக இருக்கும் என்பது என் ஊகம். செய்து காட்டிய கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகிவிடும். பழகிய முகத்தை மூளை 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு நினைவிருந்தது, இரண்டாம் குழுவுக்கு 61. இதில் வேடிக்கை, 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியது முதல் குழு. நம்பிக்கை கூடுதலாக இருந்த இடத்தில் நினைவு குறைவாக இருந்தது. தன்னம்பிக்கை பெருகினால் எல்லாம் சரியாகும் என்பவர்களிடம் இதைக் காட்டலாம்.

ஆக ஐம்பது நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் வெற்றுத்தாளில் நேற்றையதை எழுதுவது, புத்தகம் பைக்குள் இருக்கட்டும். அடுத்த இருபத்தைந்தில் புதிதாக இரண்டு கணக்கு. பிறகு பத்து நிமிடம், அதில் ஒன்றை மூடிவைத்து மறுபடி போடுவது. கடைசி ஐந்தில் பதிவு. வாரத்தில் ஐந்து நாள் கணிதம், இரண்டு நாள் பிசிக்ஸ். பிசிக்ஸில் தருவிப்புகளை (டெரிவேஷன்) இதே வெற்றுத்தாள் முறையில் எழுதினால் போதும், அங்கே படத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு கணக்கும் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் ஒருமுறை திரும்ப வரட்டும். இந்த செமஸ்டர் பாடங்களை இதற்காகப் பட்டினி போடாதீர்கள். பழைய அரியரைத் துரத்திப் புது அரியர் வாங்குவதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

எப்போது, எங்கே என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். 'தினமும் படிப்பேன்' என்பது நழுவிவிடும். 'மெஸ்ஸில் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் நேராக ஸ்டடி ஹால், ஜன்னலோர மேஜை, போன் அறைத்தோழியிடம்' என்பது நிற்கும், ஏனென்றால் அங்கே மனசைக் கேட்க வேண்டிய இடமே இல்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டப் போகாதீர்கள். அந்தக் கடன் வட்டியோடு ஏறித் திட்டத்தையே மூழ்கடித்துவிடும். தவறிய நாளை விட்டுவிட்டு, மறுநாள் வெற்றுத்தாள் பத்து நிமிடத்தை மட்டுமாவது செய்யுங்கள்.

கடைசி ஐந்து நிமிடப் பதிவில் ஒரே ஒரு வரி: 'கெய்லி ஹாமில்டன், பார்க்காமல், 19 நிமிடம், ஒரு குறித் தவறு. முன்பு போட்டது 40, இப்போது 55.' மனம் தளரும் நாளில் நினைவு நமக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும், தோற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். அன்றைக்கு இந்த நோட்டைப் படியுங்கள். மூன்றாவது வாரம் வாக்கில் நீங்களே வைத்துக்கொள்ளும் ஒரு சோதனை மோசமாகப் போகும். பார்த்துப் படித்தபோது மறைந்திருந்த ஓட்டைகள் பார்க்காமல் எழுதும்போதுதான் தெரியும். முறை தோற்றுவிட்டது என்று விட்டுவிடுபவர்கள் அதிகமாக விடுவது அந்த வாரத்தில்தான்.

ஹாலில் வரும் படபடப்புக்கு வருகிறேன். கவலையும் கணக்கும் மூளையில் ஒரே மேஜையைப் பங்குபோடுகின்றன. இடைப்பட்ட விடைகளை ஏந்தி வைத்திருக்க வேண்டிய இடத்தில் 'அப்பாவுக்கு என்ன சொல்வேன்' உட்கார்ந்துகொள்கிறது. அதனால், ஆறாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து, ஒரு பழைய வினாத்தாளை முழுதாக எழுதுங்கள். ஐந்து ஞாயிறு கிடைக்கும். ஹாலின் சூழல் பழகப் பழகக் கவலைக்கு இடம் குறையும். எழுதத் தொடங்கும் முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், இரண்டு நிமிடம். நீளமான வெளிமூச்சுதான் முக்கியம், ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலைசுற்றும். பிறகு இரண்டு மார்க் பகுதியில் தெரிந்த மூன்றை எழுதிவிட்டுப் பெரிய கேள்விகளுக்குப் போங்கள். நடுவில் பிளாங்க் ஆனால் அந்தக் கணக்கில் மூன்று நிமிடத்துக்கு மேல் உறைந்து நிற்காதீர்கள். இடம் விட்டு, அடுத்ததுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். 2011இல் ராமிரெஸ், பெய்லாக் செய்த ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை அப்படியே தாளில் எழுதிய, தேர்வுப் பயம் அதிகமுள்ள மாணவர்கள் மேலாகச் செய்தார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். செலவில்லாதது என்பதால் ஒரு ஞாயிறு மாதிரித் தேர்வில் முயன்று பாருங்கள்.

'எல்லாரும் இங்கிலீஷ் மீடியம்' என்கிறீர்கள். எல்லாருமா? தமிழ்வழியில் வந்து, இதே தாளில் அரியர் வைத்து, எழுதி முடித்த இரண்டாம் அல்லது மூன்றாமாண்டு அக்கா ஒருவர் உங்கள் ஹாஸ்டலிலேயே இருப்பார். தேடுங்கள். டாப்பரைப் பார்த்து வருவது பெரும்பாலும் ஏக்கம். தடுமாறிக் கரையேறியவரைப் பார்த்தால்தான் 'அவங்களால முடிஞ்சா எனக்கும்' என்ற கணக்கு வேலை செய்யும். போய், 'எப்படிப் பாஸ் பண்ணீங்க' என்று கேட்டால் 'நல்லாப் படிச்சேன்' என்பார். 'எத்தனை வாரம் முன்னாடி ஆரம்பிச்சீங்கக்கா? எந்த யூனிட்டை முதல்ல எடுத்தீங்க? எதை விட்டீங்க? யார்கிட்ட டவுட் கேட்டீங்க?' என்று கேளுங்கள். 1982இல் வில்சன், லின்வில் என்ற இருவர் அமெரிக்காவில், மதிப்பெண் கவலையில் இருந்த முதலாண்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, முதலாண்டில் சறுக்குவது சகஜம், பிறகு ஏறும் என்ற தகவலையும் சீனியர்கள் பேசும் வீடியோவையும் காட்டினார்கள். அவர்களில் படிப்பை விட்டவர்கள் 5 விழுக்காடு, காட்டப்படாதவர்களில் 25. சிறிய ஆய்வுதான். ஆனால் நீங்கள் பார்க்கும் மோட்டிவேஷன் வீடியோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், இந்த வார இறுதியில். மறைப்பதற்கே தினமும் தெம்பு செலவாகிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, தங்கள்மேல் அக்கறையுள்ள, நிலையான ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. மீண்டெழுவதைத் தனி ஆளின் மன உறுதியாக மட்டும் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அப்பாவிடம் அழுதுகொண்டே தொடங்காமல், கணக்கோடு தொடங்குங்கள்: 'அப்பா, ரெண்டு பேப்பர்ல அரியர் விழுந்துருச்சு. அடுத்த பரீட்சையோட சேர்த்து எழுதிக்கலாம். மேத்ஸ்ல பதினோரு மார்க்தான் குறையுது, பேப்பரை வாங்கிப் பாத்துட்டேன். தினம் ராத்திரி இதுக்குப் படிக்கிறேன். பரீட்சை வரைக்கும் மார்க் மட்டும் கேக்காதீங்க, போன் பண்ணிப் பேசுங்க.' முதலில் கோபப்படலாம். அன்றைக்கு விளக்கம் சொல்லி வாதாட வேண்டாம், இரண்டு நாள் கழித்து நீங்களே கூப்பிடுங்கள். அப்பாவிடம் முடியவே முடியாது என்றால் அம்மா, அல்லது பிளஸ் டூவில் உங்களுக்குக் கணிதம் எடுத்த ஆசிரியர்.

படிப்பை நிறுத்துவதா என்பதை இப்போது முடிவுசெய்யாதீர்கள். கலைக் கல்லூரி குறைந்ததும் இல்லை, தோற்றவர்கள் போகும் இடமும் இல்லை. ஆனால் ஒரு படிப்பை நோக்கிப் போவது வேறு, ஒரு தாளைப் பார்த்து ஓடுவது வேறு, இன்று இரண்டையும் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. அடுத்த ரிசல்ட் வந்த பிறகு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரமாவது மேலே சொன்னபடி செய்தேனா? கணிதம், பிசிக்ஸை விட்டுவிட்டால், சர்வே, கட்டுமானம் என்று இந்தத் துறையில் வரப்போகும் வேலை எனக்குப் பிடிக்கிறதா? இதற்காக ஒரு நாள் லீவில் கட்டடம் நடக்கும் ஓர் இடத்துக்குப் போய்ப் பாருங்கள், சீனியர்கள் அழைத்துப்போவார்கள். இரண்டாவதுக்கு விடை 'இல்லை' என்றால் அப்போது மாறுவதைப் பற்றி எழுதுங்கள், பேசுவோம். அதுவரை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அரியர் தாள்களுக்குத் தேர்வுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும், கடைசித் தேதி கல்லூரி அறிவிப்புப் பலகையில் வரும். அதைத் திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.